எஸ்தர் டீச்சரின் எம்.ஏ. விண்ணப்பமும் நான் கைவைத்த ஒன்பது பக்கமும்

சரோஜா, வேலு, இரண்டு பேருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

பி.ஏ. முடிந்ததும் இங்கிலீஷ் இலக்கியத்தில் மேல்படிப்பு படிக்க என்னென்ன காகிதம் கேட்பார்கள் என்று போன வாரம் சரோஜா தம்பியிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் கேட்கவில்லை. தேர்டு பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று நினைத்திருப்பாய், அம்மா. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பட்டியல் எனக்குத் தெரியும். நீங்கள் பிறப்பதற்கு முன்பே, விழுப்புரத்தில் கோர்ட்டுக்கு எதிரே இருந்த டைப் கடையில், அதை என் கையாலேயே அடித்திருக்கிறேன். அதில் ஒரே ஒரு அயிட்டத்தில் நான் செய்த காரியத்தால் ஒருவருடைய படிப்பு வாசலோடு நின்றுபோக இருந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

1. முதலில் கும்பிடு

நான் கடையில் சேர்ந்தபோது யுத்தம் வர இன்னும் மூன்று வருஷம் இருந்தது. கடை முதலாளியின் பேர் வேணுகோபால். ஊரில் எல்லோருக்கும் அவர் வேணு ரைட்டர். மனு எழுதுவதற்கு லைசன்ஸ் வைத்திருந்தார். அவர் வாயால் சொல்வார், நான் மெஷினில் அடிக்க வேண்டும். டைப் நான் முன்பே கற்றிருந்தேன். இங்கிலீஷ் பாதிக்குப் பாதிதான்.

முதல் நாள் மண்டகப்பட்டிலிருந்து ஒரு குடியானவர் வந்தார். பக்கத்துக் காட்டுக்காரர் வேண்டுமென்றே மாட்டை அவிழ்த்துவிட்டு இவருடைய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பயிரை மேய்த்துவிட்டார். அவ்வளவுதான் விஷயம்.

"எம் மல்லாட்டையெல்லாம் மேஞ்சுட்டு, கேட்டா அடிக்க வர்றான் சாமி" என்றார் அவர்.

வேணு ரைட்டர் கண்ணை மூடிக்கொண்டு இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தார். மேன்மை தங்கிய சமூகத்துக்கு, தங்கள் கருணையை அல்லாமல் வேறு கதியற்ற ஏழை மனுதாரன் மிகவும் தாழ்மையுடன் பணிந்து தெரிவித்துக்கொள்வது என்னவென்றால் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் முடிந்துவிட்டது.

"அண்ணே, மாடு இன்னும் வரலியே?" என்று கேட்டேன்.

"வரும், வரும். ரெண்டாம் பக்கத்துல வரும். முதல்ல கும்புடு, அப்புறம்தான் மாடு. இது தெரியாம நீ இன்னாடா டைப்பு கத்துக்கினே?"

குடியானவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் இரண்டு பக்கம் நிறைய அடித்ததைக் கையில் வாங்கியபோது அவர் முகம் தெளிந்துவிட்டது. அதை நான் பார்த்தேன். இந்த வேலை நல்ல வேலை என்று அன்றைக்கே தோன்றிவிட்டது.

எங்களிடம் இரண்டு பழக்கம் இருந்தன. முதலாவது, வருகிறவர் எப்படிச் சொன்னாலும் எழுதிக்கொண்டு வந்தாலும் அதை அப்படியே அடிக்க மாட்டோம். 'நடை' போட்டுத்தான் அடிப்போம். யாரும் கேட்க வேண்டியதில்லை. டீக்கடையில் பாலில் சர்க்கரை போடுவது போல அது வேலையோடு சேர்ந்தது. இரண்டாவது, மனுவின் கடைசியில் ஒரு வால் உண்டு. மேலே கண்டவை எல்லாம் நான் அறிந்தவரை உண்மை என்று ஒரு பாரா. அதைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்போம். அடிக்கிறவனும் படிப்பதில்லை, கையெழுத்துப் போடுகிறவரும் படிப்பதில்லை.

பத்து வருஷத்தில் நான் வேணு ரைட்டர் வாயை எதிர்பார்க்காமல் நானாகவே நடை போடுகிறவன் ஆகிவிட்டேன்.

2. பட்டியல்

யுத்தம் முடிந்திருந்தது. காகிதமும் ரிப்பனும் இன்னும் லேசில் கிடைக்காது. ஒரு சனிக்கிழமை காலையில், வெள்ளைப் புடவை கட்டி, கையில் துணிப்பையோடு ஒரு பெண் கடைக்குள் வந்தார். இருபத்து நாலு, இருபத்தைந்து வயசு இருக்கும். திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். பேர் எஸ்தர்.

"திண்டிவனத்துலயே டைப் கடை கீதே, டீச்சரம்மா? இதுக்கோசரமா ரயில் ஏறி வந்தீங்க?" என்று கேட்டேன்.

"அங்க அடிச்சா சாயங்காலத்துக்குள்ள எங்க ஸ்கூல் மேனேஜர் காதுக்குப் போயிடும், அண்ணே. இடம் கிடைக்கிறதுக்கு முன்னாடியே வேலை போயிடும்."

பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். வடக்கே ஒரு யூனிவர்சிட்டியின் பிராஸ்பெக்டஸ். இங்கிலீஷ் இலக்கியத்திலும் எழுத்திலும் எம்.ஏ. படிப்பு. அதற்கு என்னென்ன அனுப்ப வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தது. கோர்ட்டுக் காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு புது ஊருக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தேன்.

பி.ஏ. பட்டத்தின் நகல், கெஜட்டட் ஆபீசர் கையெழுத்தோடு. மார்க்கு விவரம். நன்னடத்தை சர்டிபிகேட். பழைய யூனிவர்சிட்டியிலிருந்து, இவர் வேறு யூனிவர்சிட்டிக்குப் போகலாம் என்று ஒரு மைக்ரேஷன் சர்டிபிகேட். இதுவரை எல்லாம் எனக்குப் புரிந்தது. அதற்கு மேல்தான் வேடிக்கை. சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் இரண்டு பேர் இவரைப் பற்றிக் கடிதம் எழுத வேண்டும். அதை ஒட்டி, அரக்கு வைத்து, நேரே அனுப்பிவிட வேண்டும்.

"உங்களப் பத்தின லெட்டரு, உங்க கண்ணுலயே காட்ட மாட்டாங்களா?"

"காட்டக் கூடாது."

"போலீஸ் ரிப்போர்ட்டு மாதிரி கீதே!"

அவர் சிரித்தார். அடுத்தது, எதற்காக இதைப் படிக்க விரும்புகிறாய் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். மாஜிஸ்திரேட் குற்றவாளியைக் கேட்கிற மாதிரிதான் எனக்குப் பட்டது. கேட்டுவிட்டேன்.

"பி.ஏ. படிச்சாச்சு. பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லியும் குடுக்கறீங்க. இன்னும் மேல இன்னா பாக்கி கீது?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார்.

"ஒரு வாக்கியம் படிக்கிறோம். மனசுல நின்னுடுது. அதே விஷயத்தை இன்னொருத்தர் எழுதுறாரு, நிக்க மாட்டேங்குது. ஏன் நிக்குது, ஏன் நிக்கலன்னு தெரிஞ்சுக்கணும், அண்ணே. அவ்வளவுதான்."

"அதுக்கா ரெண்டு வருஷம்?"

"பத்தாதுன்னு சொல்றாங்க."

உள்ளே வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த வேணு ரைட்டர் குரல் கொடுத்தார். "ஏம்மா, எழுதறதுக்கு எம்.ஏ. குடுக்கறாங்களா? நான் முப்பது வருஷமா எழுதிக்கினு கீறேன். என் பேருக்குப் பின்னாடி ரைட்டர்னு போட்டதோட சரி. எவனும் எம்.ஏ. போடலியே!"

"நீங்களும் ஒரு விண்ணப்பம் போடுங்க, ஐயா" என்றார் டீச்சர்.

"போடலாம். அரக்கு வெச்ச லெட்டரு எவன் குடுப்பான் எனக்கு? உள்ள தள்ளச் சொல்லி வேணா குடுப்பான்."

பட்டியலின் கடைசி அயிட்டம் இது: விண்ணப்பதாரர் தன் சொந்த எழுத்தில் சுமார் பத்துப் பக்கம், எதைப் பற்றியாவது எழுதி, இரட்டை இடைவெளியில் டைப் அடித்து அனுப்ப வேண்டும். அதோடு ஒரு உறுதிமொழி: இந்த எழுத்தில் வேறு எவருடைய கையும் படவில்லை, பட்டதாகத் தெரிந்தால் விண்ணப்பம் ரத்து.

டீச்சர் அந்தப் பத்துப் பக்கத்தை நோட்டில் கையால் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதை மட்டும் கொடுக்கும்போது கொஞ்சம் தயங்கினார்.

"இதை அப்படியே அடிச்சிடுங்க, அண்ணே."

"ஆகட்டும்மா" என்றேன். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

3. அம்மாவின் கட்டைவிரல்

ஃபாரங்களை அன்றைக்கே அடித்து முடித்தேன். உறுதிமொழியையும் அடித்தேன். எனக்கு அது ஒரு வால்.

கோர்ட்டு லீவு நாளில் டீச்சரின் நோட்டைப் பிரித்தேன். திண்டிவனம் மல்லாட்டை மண்டியைப் பற்றி எழுதியிருந்தார். இங்கிலீஷ் மிகச் சுலபமாக இருந்தது. அகராதி தேவைப்படவில்லை. அதுவே எனக்குக் கவலையாக இருந்தது. முதல் வரி இப்படி: என் அம்மாவின் இடது கட்டைவிரலில் நகம் கிடையாது. அடுத்த வரி: மல்லாட்டை உரிப்பவர்களில் பாதிப் பேருக்குக் கிடையாது.

கும்பிடு இல்லை, தாழ்மை இல்லை. எடுத்த எடுப்பில் நகம். யூனிவர்சிட்டியில் எவ்வளவு பெரிய மனுஷர்கள் உட்கார்ந்திருப்பார்கள்! அவர்கள் முன்னால் இப்படியா போய் நிற்பது? அம்மா கூலிக்கு உரிக்கிறவள், அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறவர் என்று ஒளிக்காமல் போட்டிருந்தார். அந்தக் குடும்பத்திலிருந்து பி.ஏ. வரை வந்த பெண்ணுக்கு விண்ணப்பம் எழுதும் முறையை யாரும் சொல்லித்தரவில்லையே என்று எனக்கு மனசு இளகிவிட்டது. உண்மையாகவே நல்லது செய்வதாக நினைத்துத்தான் கையை வைத்தேன்.

இரண்டு நாள் உழைத்தேன். 'என் அம்மாவின் இடது கட்டைவிரலில் நகம் கிடையாது' என்பது, 'ஏழையாயினும் நாணயமானவளும், விதியின் கொடுமையால் கூலி வேலையில் தள்ளப்பட்டவளுமான என் தாயார், கடும் உழைப்பின் காரணமாகத் தமது இடது கட்டைவிரலின் நகத்தை இழந்துள்ளார் என்பதை மிகவும் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று ஆயிற்று. மண்டியில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கேலி செய்துகொள்கிற இடம் ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டேன். பெரியவர்கள் படிக்கிற இடத்தில் கேலி எதற்கு? கடைசியில், தங்கள் கருணையை நாடி நிற்கிறேன் என்று முடித்தேன். டைப்பில் சரியாக ஒன்பது பக்கம்.

வேணு ரைட்டர் படித்துப் பார்த்தார். "டேய் மாணிக்கம்! இனிமே நான் வெத்தல போட்டுக்கினு உக்காந்துக்கலாம்டா" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அந்தப் பத்து வருஷத்தில் அது ஒரு தடவைதான்.

4. முண்டியம்பாக்கத்திலிருந்து திரும்பி

அடுத்த சனிக்கிழமை பாசஞ்சர் லேட். டீச்சர் ஓட்டமும் நடையுமாக வந்தார். தபாலாபீசில் ரிஜிஸ்தர் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடும். பன்னிரண்டரைக்குத் திரும்புகிற ரயில். கடைசித் தேதிக்கு ஆறு நாள்தான் பாக்கி. தப்பு வரக்கூடியது ஃபாரங்களில்தான் என்று அவற்றை வரிவரியாகச் சரிபார்த்தார். உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார். ஒன்பது பக்கத்தை எண்ணிப் பார்த்தார்.

"சரியா வந்திருக்கா, அண்ணே?"

"சரின்னா சரியா? பிரமாதமா வந்துகீது. ஜல்தியா போயி போஸ்ட் பண்ணுங்க. ரயில்ல போறப்ப கார்பன் காப்பியப் படிங்க, தெரியும்."

அப்படிச் சொல்லிக் கார்பன் காப்பியையும் நோட்டையும் பையில் போட்டுக் கொடுத்தேன். படித்துவிட்டு, அடுத்த தடவை வரும்போது நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

இரண்டரை மணிக்கே வந்துவிட்டார். முதல் ஸ்டேஷனான முண்டியம்பாக்கத்தில் இறங்கி, கரி எரித்து ஓட்டுகிற பஸ்ஸைப் பிடித்துத் திரும்பியிருக்கிறார். முகமெல்லாம் புகை. கார்பன் காப்பியை என் மெஷின் மேல் வைத்தார். சத்தம் போடவில்லை.

"இது யாரு, அண்ணே?"

"எதும்மா?"

"இதுல ஒரு அம்மா வர்றாங்களே, இவங்க யாரு? எனக்கு இவங்களைத் தெரியாது. எங்கம்மா யார்கிட்டயும் இப்படிக் கும்பிட்டு நின்னதில்ல."

நான் கார்பன் காப்பியின் முதல் வரியைக் குனிந்து பார்த்தேன்.

"வேற கை படலன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்" என்றார். "அது பொய்க் கையெழுத்தாயிடுச்சு. கண்டுபிடிச்சா ரத்து பண்ணுவாங்க. கண்டுபிடிக்கலன்னா, நான் எழுதாததுக்காக எனக்கு இடம் குடுப்பாங்க. ரெண்டுல எதுக்கு நான் வேண்டிக்கிறது?"

நான் அடித்த வால் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு வாரத்துக்கு முன் என் பத்து விரலும் அடித்த வாக்கியம் அது. அடித்ததே தவிர, படிக்கவில்லை.

வேணு ரைட்டர் எழுந்து வந்தார். "இன்னாம்மா பேஜாரு பண்ணிக்கினு? எழுத்து நல்லாத்தான் கீது. அங்க எவனுக்குத் தெரியப்போவுது? பேசாம வூட்டுக்குப் போங்க. சீட்டு வரும்."

"எனக்குத் தெரியுமே, ஐயா."

"தெரிஞ்சா இன்னா? மனுவுல கையெழுத்துப் போடுறவன்லாம் அவனே எழுதினதா? ஊரே இப்படித்தான் ஓடுது."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு தபாலாபீசுக்கு ஓடினேன். டீச்சரும் பின்னாலேயே வந்தார். ரிஜிஸ்தர் கிளார்க் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டே சொன்னார்: "பை கட்டி, ரெண்டு மணி மெயில்ல ஏத்தியாச்சுங்க. இந்நேரம் விருத்தாசலம் தாண்டியிருக்கும்."

மெட்ராஸ் பக்கம் போக வேண்டிய தபால் விருத்தாசலம் பக்கம் எதற்குப் போகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவர் எங்களைத் துரத்துவதற்காக வாயில் வந்த ஊரைச் சொல்லியிருப்பார். எப்படியும் கவர் போய்விட்டது.

5. கும்பிடு இல்லாத கடிதம்

வழியில் புளியமர நிழலில் நின்று டீச்சர் யோசித்தார். கையில் அவருடைய நோட்டு இருந்தது. அதிலிருந்து பத்துப் பக்கத்தையும் கிழித்து அனுப்பலாம். ஆனால் எப்படி இரண்டு எழுத்து வந்தது என்று யாராவது சொல்ல வேண்டும்.

"நான் சொன்னா சாக்கு சொல்ற மாதிரி இருக்கும். நீங்கதான் எழுதணும், அண்ணே. இங்கிலீஷ்ல. என்ன நடந்ததோ அது மட்டும்."

"நான் எழுதறேன், நீங்க பார்த்துத் திருத்திக் குடுங்க."

"நான் தொட மாட்டேன். நான் திருத்தினா அதுவும் வேற கைதானே."

கடைக்குத் திரும்பி மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். விரலை வைத்ததுமே, மிகவும் தாழ்மையுடன் என்று அதுவாக ஓடியது. காகிதத்தை உருவினேன். மறுபடி வைத்தேன். மறுபடி அதே. யுத்தகாலத்துக் காகிதம், மூன்று தாள் வீண். கடைசியில் மெஷினை நகர்த்தி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். பேனாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

வேணு ரைட்டர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "டேய், பத்திரத்துல கை வெச்சேன்னு நீயே எழுதிக் கையெழுத்துப் போடறியா? நாளைக்கு எவனாவது இத்த எடுத்துக்கினு கோர்ட்டுக்கு வந்தா இன்னா பண்ணுவே? என் லைசன்ஸ் போயிடும்டா!"

"கடை பேர் போடலண்ணே. என் பேர் மட்டும்தான்."

"உன் பேரக் கேட்டா எங்க வேலை செய்யிறேன்னு கேக்க மாட்டானா?"

"கேட்டா சொல்லுவேன். அன்னைக்கு என்னை நிறுத்திடுங்க."

அவர் வெளியே போய் நின்றுகொண்டார். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம் அது. வேலை போனால் உங்கள் அம்மா வீட்டில் என்ன சொல்வார்கள் என்று நினைக்காமல் இல்லை.

கடிதத்தில் ஆறே வரி. நான் டைப்பிஸ்ட். டீச்சர் எழுதியதை நான் மாற்றினேன். மாற்றச் சொல்லி அவர் சொல்லவில்லை, மாற்றியது அவருக்குத் தெரியாது. நன்றாக்குவதாக நினைத்தேன். அவர் கையால் எழுதியது இதோடு இருக்கிறது. நான் அடித்ததைப் படிக்க வேண்டாம்.

டீச்சரிடம் காட்டினேன். அவர் வாங்கவில்லை. மடித்து ஒட்டச் சொன்னார். ஜங்ஷனில் ரயில்வே தபால்காரர்கள் சாயங்காலம் வரை லேட் ஃபீ வாங்கிக்கொண்டு ரிஜிஸ்தர் எடுப்பார்கள். அங்கே போய்க் கொடுத்தோம். அதற்குப் பிறகு டீச்சர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் ரயில் ஏறிவிட்டார்.

6. மண்டியில்

மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு வக்கீலின் கட்டுகளைத் திண்டிவனம் கோர்ட்டில் சேர்க்க என்னை அனுப்பினார்கள். வேலை முடிந்ததும் கால் தானாக மண்டிப் பக்கம் போயிற்று. பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரை விசாரிக்க முடியாது. மேனேஜர் காதுக்குப் போய்விடும். மண்டியில் யாரையாவது கேட்கலாம் என்று போனேன்.

தாழ்வாரத்தில் இருபது பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் டீச்சரின் அம்மா யார் என்று கேட்டேன். நடுவில் இருந்த ஒரு அம்மா தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"நான்தான். நீ யாரு?"

"விழுப்புரத்துல டைப்பு அடிக்கிறவன்ம்மா."

"ஓ! ஏழையாயிருந்தாலும் நாணயமானவன்னு என்னைப் பத்தி எழுதினவன் நீதானா?" என்று கேட்டு மற்றப் பெண்களைப் பார்த்தார். "இங்க பாருங்கடி, எனக்கு சர்டிபிகேட்டு குடுத்த தொரை வந்துகீறாரு!"

எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"ஏழைன்னு எழுதினே, சரி. பாத்தாலே தெரியும். நாணயம்னு எப்படித் தெரிஞ்சுது உனக்கு? இந்த மடியில எத்தினி மல்லாட்டை கட்டிக்கினு வூட்டுக்குப் போயிகீறேன் தெரியுமா? அது இல்லன்னா என் பொண்ணு எத்தத் தின்னு பி.ஏ. படிச்சா?"

"உரக்கப் பேசாதடி, மேஸ்திரி வர்றாரு" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"வரட்டும். ஐயா டைப்பு அடிச்சுக் குடுத்துட்டாரு, நான் நாணயமானவ."

அவர்கள் சிரித்த சிரிப்பில் தாழ்வாரத்துப் புறாக்கள் பறந்துவிட்டன. எனக்கும் சிரிப்பு வந்தது, வெட்கமாகவும் இருந்தது. டீச்சர் நோட்டில் நான் வேண்டாம் என்று எடுத்த கேலி இதுதான். இதே குரல், இதே சிரிப்பு. அதை எழுத்தில் பார்த்தபோது எனக்குக் காது கேட்கவில்லை.

போகும்போது அந்த அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நேத்து கடுதாசி வந்துச்சுப்பா. நேர்ல வரச் சொல்லிகீறாங்க."

யூனிவர்சிட்டி டைப் அடித்ததைத் தள்ளிவிட்டது. கையெழுத்துப் பக்கங்களைப் படித்திருக்கிறார்கள். ஆனால் உறுதிமொழி தவறிவிட்டதால், நேரில் வந்து அவர்கள் கண் முன்னால் உட்கார்ந்து மூன்று மணி நேரம் எழுதிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் முடிவு. பட்டியலில் இல்லாத ஒரு அயிட்டத்தை நான் சேர்த்துவிட்டேன்.

அதற்கு ஒரு வாரம் லீவு வேண்டும். லீவு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். டீச்சர் மேனேஜரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டார். "போங்க. திரும்பி வந்தா இடம் இருக்கும்னு நான் சொல்ல முடியாது" என்றாராம் மேனேஜர். ஆக, இடம் கிடைக்கவில்லை என்றால் வேலையும் கிடையாது. நான் போட்ட நடைக்காக டீச்சர் தன் வேலையையே பந்தயம் வைக்க வேண்டியதாயிற்று.

7. கார்டு

டீச்சர் வடக்கே போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து, கடை விலாசத்துக்கு என் பேரில் ஒரு கார்டு வந்தது. வேணு ரைட்டர்தான் வாங்கினார். என்னிடம் கொடுப்பதற்கு முன் அவர் படித்துவிட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. 'இடம் கிடைத்துவிட்டது, அண்ணே. மூன்று மணி நேரத்தில் நாலு பக்கம்தான் எழுதினேன். போதும் என்றார்கள். உங்கள் கடிதத்தையும் புரொபசர் படித்தார். அதில் ஏழு பிழை இருக்கிறதாம். ஒன்றையும் திருத்தாமல் என் ஃபைலில் வைத்திருப்பதாகச் சொன்னார்.'

"ஏழு தப்பு விட்டவனுக்கு இன்னாடா சிரிப்பு?" என்றார் வேணு ரைட்டர். என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை.

சரோஜா, இப்போது உனக்குச் சொல்கிறேன். பட்டம், மார்க்கு, நன்னடத்தை, மைக்ரேஷன், இவற்றுக்கு அலைய வேண்டியதை நான் அலைகிறேன். ஆசிரியர்கள் கடிதம் அவர்கள் பாடு. எதற்காகப் படிக்க விரும்புகிறாய் என்ற பக்கத்தை நீயே யோசித்து எழுது. சொந்த எழுத்து கேட்டால் அதை டைப் அடிக்க என்னிடம் தாராளமாகக் கொடு. எழுத்துக்கு எழுத்து, புள்ளிக்குப் புள்ளி, பிழை இருந்தால் பிழையோடு அடித்துத் தருகிறேன். நன்றாக இருக்கிறதா என்று மட்டும் என்னிடம் கேட்காதே. கீழே ஒரு உறுதிமொழி இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு தடவை படி. ஒருவருக்கு நல்லது செய்கிறோம் என்று நாம் கையை நீட்டும்போது, அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நீட்ட வேண்டும். பத்து வருஷம் வேலை செய்தும் எனக்கு அது தெரியாமல் இருந்தது.

கார்டு வந்த அன்று நடந்த இன்னொன்றை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மத்தியானம் கோலியனூரிலிருந்து ஒரு அம்மா வந்து தாசில்தாருக்கு ஒரு மனு சொல்லிவிட்டுப் போயிருந்தார். மறுநாள் வந்து கைநாட்டு வைப்பதாக ஏற்பாடு. அதை நான் வழக்கம்போல இரண்டு பக்கத்துக்கு அடித்து வைத்திருந்தேன். வேணு ரைட்டர் சாப்பிடப் போனார். கடையில் நான் மட்டும்.

அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்து நாலாகக் கிழித்தேன். புதுத் தாள் மாட்டினேன். அந்த அம்மா சொன்னதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "எம் பூமிக்கு நடுவால வாய்க்கா வெட்டிட்டாங்க. இந்தக் கரையில வூடு கீது, அந்தக் கரையில கெணறு கீது. ஒரு கொடம் தண்ணிக்கு நான் ஊரைச் சுத்திக்கினு போறேன்." அதை மட்டும் இங்கிலீஷில் அடித்தேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. மிச்ச அரைப் பக்கத்தை நிரப்ப விரல் துடித்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தாளை அப்படியே உருவி எடுத்து, கைநாட்டுக்கு இடம் குறித்து வைத்தேன்.